நட்சத்திரம் சொல்வதும், நாம் கேட்பதும்

பல்லி சத்தம் போட்டால் கையிலிருக்கும் கரண்டியால் தரையில் இரண்டு தட்டுத் தட்டாத வீடு நம்மில் எத்தனை இருக்கும்? பூனை குறுக்கே போனால் உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறோம். இடது கண் துடித்தால் மனசுக்குள் ஒரு சந்தோஷம். வலது கண் துடித்தால், "என்ன வரப் போகுதோ!" என்று ஒரு சின்னப் பயம். காகம் கொல்லையில் விடாமல் கரைந்தால் அரை ஆழாக்கு அரிசி கூடப் போட்டு உலை வைக்கிறோம்.

இதையெல்லாம் கேலி செய்ய நான் வரவில்லை. நானும் தட்டுகிறவள்தான், தண்ணீர் குடிக்கிறவள்தான். ஆனால் இந்த அடையாளங்களில் எதைச் சிரித்துக்கொண்டே வைத்துக்கொள்ளலாம், எதை நம்பி ஒரு குழந்தையின் உயிரோடு விளையாடக் கூடாது என்பதைப் பற்றிச் சகோதரிகளோடு கொஞ்சம் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

எங்கள் ஆரணியில் பஞ்சாங்கம் சுவரில் தொங்குவது அலங்காரத்துக்கு அல்ல. எங்கள் அடுப்பு எரிவதே அதை வைத்துத்தான்! ஊரில் பாதிப் பேருக்குப் பட்டுத் தறிதான் பிழைப்பு. சுற்றிலும் தேவிகாபுரம் போன்ற ஊர்களிலும் தறிச் சத்தம்தான். கல்யாணப் புடவைக்கு ஆர்டர் வருவது முகூர்த்த நாட்களைப் பொறுத்தது. புதுப் பஞ்சாங்கம் வந்ததும் மற்றவர்கள் ராசி பலன் பக்கத்தைத் திருப்பினால், எங்கள் வீட்டு ஆண்கள் முகூர்த்த நாள் பக்கத்தைத் திருப்பி விரல் விட்டு எண்ணுவார்கள். "தை மாசம் இத்தனை, வைகாசி இத்தனை. பரவால்ல, இந்த வருஷம் ஓடும்" என்பார்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் ஆவணி முகூர்த்தத்துக்கு அப்போதே பாவு ஏறும். அமாவாசை அன்று எங்கள் தெருவில் தறிக்கு லீவு. வானத்தில் சந்திரன் போகிற போக்குக்கும் எங்கள் வீட்டு மளிகைக் கணக்குக்கும் அப்படி ஒரு சம்பந்தம்!

அடையாளம் தேடும் இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. பத்துப்பாட்டில் 'முல்லைப்பாட்டு' என்று ஒன்று இருக்கிறது. நப்பூதனார் என்ற புலவர் பாடியது. தலைவன் போருக்குப் போயிருக்கிறான். தலைவி வீட்டில் தவித்துக்கொண்டிருக்கிறாள். வயது முதிர்ந்த பெண்கள் சிலர் ஊருக்கு வெளியே போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கும்பிட்டு, யார் வாயிலிருந்தாவது தற்செயலாக ஒரு நல்ல சொல் வருகிறதா என்று காது கொடுத்து நிற்கிறார்கள். இதற்கு 'விரிச்சி' என்று பெயர். அங்கே ஒரு இடைப்பெண், தாயைக் காணாமல் தவிக்கும் கன்றுக்குட்டியிடம், உன் அம்மா இதோ வந்துவிடுவாள் என்று ஆறுதல் சொல்கிறாள். கிழவிகளுக்கு அது போதும்! "தலைவன் வந்துவிடுவான்" என்று ஓடி வந்து சொல்கிறார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இடைப்பெண்ணுக்குத் தலைவனையும் தெரியாது, போரையும் தெரியாது. அவள் பேசியது கன்றுக்குட்டியிடம். அர்த்தம் அவள் வாயில் இல்லை. காத்திருந்தவர்களின் காதில் இருந்தது. காத்திருக்கும் மனசுக்கு ஒரு பிடி வேண்டும். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஒரு பெண்ணுக்கு அன்று ராத்திரி கொஞ்சம் தைரியம் கிடைத்திருக்கும். நல்லதுதானே?

எங்கள் தறியிலும் அடையாளங்களுக்குக் குறைவில்லை. அன்னம், மயில், யாளி, இருதலைப் பட்சி, ருத்திராட்சம், மல்லி மொக்கு, கோபுரக் கரை... ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்லுவார்கள். பெண்ணுக்கு ஜோடி அன்னம் போட்ட புடவை எடுத்தால் தம்பதிகள் பிரியாமல் இருப்பார்களாம். மாங்காய் போட்டால் வம்சம் விருத்தியாகுமாம். அதே மாங்காய் காஷ்மீரச் சால்வையில் வேறு பெயரோடு வரும். அந்தச் சால்வையைப் பார்த்துப் போன நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் நெய்தார்கள். வெள்ளைக்காரர்களுக்கு இன்றும் அது 'பெய்ஸ்லி' டிசைன்தான். வளைவு ஒன்றுதான். பார்க்கிறவர்கள் ஏற்றி வைக்கும் அர்த்தம்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் அட்டைகள் மாலை மாதிரி கோத்துத் தொங்குமே, பார்த்திருக்கிறீர்களா? அட்டையில் ஓட்டை இருந்தால் அந்த இழை மேலே எழும்; ஓட்டை இல்லாவிட்டால் எழாது. அவ்வளவுதான் விஷயம். 1804-ல் பிரான்ஸ் தேசத்து ஜக்கார்டு என்பவர் செய்த ஏற்பாடு. இதே ஓட்டை அட்டை யோசனையைத்தான் பிற்பாடு கணக்குப் போடும் இயந்திரங்களுக்கும் எடுத்துக்கொண்டார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் தார் சுற்றிக்கொண்டே அந்த அட்டைகளைப் பார்ப்பேன். வெறும் புள்ளிகள்! அதில் மயில் எங்கே இருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. நெய்து முடித்தால்தான் தெரியும். ஆனால் ஒன்று: அந்தப் புள்ளிகளை ஒரு மனிதர் யோசித்து, கிராஃப் காகிதத்தில் வரைந்து, பிறகு குத்தினார். மயிலை அங்கே வைத்தது ஒரு கை. வானத்துப் புள்ளிகளில் மயிலையும் தேளையும் வைத்தது யார்? நம் கண்தான்.

ஆனி, ஆடி மாதங்களில் மேகமில்லாத ராத்திரியில் மொட்டை மாடிக்குப் போய்த் தெற்கே பாருங்கள். தேள் ஒன்று வானத்தில் அப்படியே தெரியும். நடுவில் சிவப்பாக மினுக்குகிறதே, அது கேட்டை. அதற்கு மேலே அனுஷம். கீழே வால் வளைந்து கொக்கி போட்டு நிற்கிற இடம் மூலம். விருச்சிகம் என்று நாமும், தேள் என்றே கிரேக்கர்களும் சொன்னார்கள். அவ்வளவு பொருத்தமான உருவம்! ஆனால் அந்த நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருப்பவை. இங்கிருந்து பார்க்கும்போதுதான் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன.

எங்கள் கமண்டல நாகநதி பிறந்து வருகிற அதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானோக்கு நிலையம் இருக்கிறது. வைணு பாப்பு என்ற விஞ்ஞானியின் பெயரில், 2.3 மீட்டர் கண்ணாடி வைத்த பெரிய தொலைநோக்கி 1986 முதல் அங்கே இருக்கிறது. 1988-ல் அங்கிருந்து கண்டுபிடித்த ஒரு குட்டிக் கோளுக்கு நம் கணித மேதை ராமானுஜன் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே ராத்திரி பூராவும் வானத்தைப் பார்க்கிறவர்களுக்கு மூலம் என்பது எரிகிற சூரியன்களில் ஒன்று. அதற்கு மாமனார் யாரென்று தெரியாது!

ஆம், விஷயத்துக்கு வந்துவிட்டேன். "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்ற பழமொழியைக் கேட்காத பெண் உண்டா? மூல நட்சத்திரத்தில் பிறந்த பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாதாம். தகப்பனார் இல்லாத மாப்பிள்ளையாகத் தேடி அலைந்து, வயதைக் கடத்தி, அழுது தீர்த்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்குத் தோன்றுவது இதுதான்: யாரோ ஒருவர் வானத்துப் புள்ளிகளில் தேள் கொடுக்கைப் பார்த்தார். கொடுக்கு என்றால் விஷம். அந்த விஷம் மெள்ள இறங்கி ஒரு பெண் குழந்தையின் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது!

சம்பிரதாயப்படியே கேட்கிறேன். நவராத்திரியில் சரஸ்வதியை ஆவாஹனம் செய்வது எந்த நட்சத்திரத்தில்? மூலத்தில்தான். மார்கழியில் அனுமன் ஜயந்தி கொண்டாடுவது? அதுவும் மூலத்தில்தான். பழமொழியே "ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்" என்றுதான் முதலில் இருந்தது, வாய்க்கு வாய் மாறிவிட்டது என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. அதை விடுங்கள். நட்சத்திரங்கள் 27. ஆக, பெண்களில் சுமார் 27 பேருக்கு ஒருத்தி மூலம். ஒவ்வொரு தெருவிலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அத்தனை மாமனார்களும் போய்விட்டார்களா என்ன?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சனிப்பெயர்ச்சி எப்போது? திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச் 6. திருநள்ளாறு கோயிலில் வாக்கியத்தைத்தான் பின்பற்றுகிறார்கள். ஒரே சனி, ஒரே வானம். ஆனால் இரண்டு கணக்குக்கும் நடுவில் பதினோரு மாதத்துக்கு மேல் இடைவெளி. இரண்டையும் எழுதியவர்கள் படித்த பெரியவர்கள்தான். குறை சொல்லவில்லை. இப்படி வித்தியாசப்படக்கூடிய ஒரு கணக்கை வைத்து, நிமிஷ சுத்தமாகக் குழந்தையை வெளியே எடுக்க வேண்டும் என்று அடம் பிடிக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்றால், எங்கள் வீட்டிலேயே அது நடக்கப் பார்த்தது.

என் கொழுந்தனாரின் மகள் தலைப் பிரசவத்துக்கு ஆரணிக்கு வந்திருந்தாள். 35 வாரம் ஆனபோது சம்பந்தி வீட்டிலிருந்து போன். "ஜோசியரு நல்ல நாள் குறிச்சுக் குடுத்திருக்காரு. உத்திரட்டாதி. காலைல எட்டு பத்துலேர்ந்து எட்டரைக்குள்ள. ஆபரேஷன் பண்ணி எடுத்துடச் சொல்லுங்க. வுட்டா எந்த நட்சத்திரத்துல பொறக்குமோ!"

அந்தத் தேதியில் அவளுக்கு 36 வாரமும் 3 நாளும்தான் ஆகியிருக்கும். தாய்க்கும் சேய்க்கும் எந்தக் கோளாறும் இல்லை. டாக்டர் அம்மாவிடம் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னார்: "காரணமில்லாம 39 வாரத்துக்கு முந்தி எடுக்க மாட்டேம்மா. கடைசி வாரங்கள்லதான் நுரையீரல் பக்குவப்படுது, மூளை வேகமா வளருது. முன்னாடியே எடுத்தா மூச்சுத் திணறல் வரலாம், ரத்தத்துல சர்க்கரை குறையலாம், மஞ்சள் காமாலை அதிகமாகலாம், பால் இழுத்துக் குடிக்கவே தெம்பு இருக்காது. அம்மாவுக்கோ ரத்த அழுத்தம், குழந்தைக்கோ நாடித்துடிப்பு சரியில்லைன்னா, ராகு காலமா இருந்தாக்கூட உடனே எடுத்துடுவேன். அது வேற."

வீட்டுக்கு வந்தும் விவாதம் ஓயவில்லை. கொழுந்தனார் சம்பந்திக்கு பயந்தார். "வேற டாக்டரைப் பாக்கலாமா?" என்று கூடக் கேட்டார். அந்தப் பெண் என் மடியில் தலை வைத்துக்கொண்டு, "பெரியம்மா, நான் என்ன சொல்றதுன்னே தெரியல" என்று அழுதாள். அப்போது வாயைத் திறந்தவர், யாரும் எதிர்பார்க்காத ஆள். என் மாமியார்! பல்லி சாஸ்திரம் முழுக்க மனப்பாடம். ராகு காலத்தில் புதுப் பாவு பிணைக்க விடமாட்டார். எழுபத்தெட்டு வயது. வெற்றிலையை மென்றுகொண்டே பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்:

"ஏன்டா, முந்தானை நெய்யாத பொடவைய, இன்னிக்கி நல்ல நாளுன்னு தறியிலேர்ந்து அறுத்து எடுத்துக்கினு போவியா? அது முடியற அன்னிக்கித்தான்டா அதுக்கு நல்ல நாளு."

கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்தாள். தானே போனை எடுத்துப் புருஷனிடம், "நான் காத்திருக்கப் போறேங்க" என்று சொல்லிவிட்டாள்.

39 வாரம் 2 நாளில் வலி எடுத்தது. பெண் குழந்தை. சுகப் பிரசவம். நல்ல எடை. பிறந்த உடனே ஆஸ்பத்திரி அதிர ஒரு அழுகை. நட்சத்திரம்? மூலம்!

கதை இங்கே சுபமாக முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒரு நாள் வயதுக் குழந்தைக்கு, "இதுக்கு மாமனார் இல்லாத வீடா எங்க தேடறது?" என்று கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள். சம்பந்தி பெயர் வைக்கக்கூட வரவில்லை. மூன்றாம் மாதம்தான் வந்தார். இப்போது பேத்தி அவர் மீசையைப் பிடித்து இழுக்கிறாள்; அவரும் மடியிலிருந்து இறக்குவதில்லை. ஆனாலும் அந்த ஜாதகக் கட்டத்தை யார் கண்ணிலும் படாமல் மடித்துத்தான் வைத்திருக்கிறார். பழைய பயம் ஒரு நாளில் போகாது. ஆனால் குழந்தையின் மூச்சு சீராக இருக்கிறது. எனக்கு அது போதும்.

தமிழ்நாட்டில் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நூறு பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். இந்தியா முழுவதற்கும் எடுத்தால் சுமார் 22-தான். பல சிசேரியன்கள் இரண்டு உயிரைக் காப்பாற்றியவை. அதை மறக்கக் கூடாது. எல்லாமே நாள் பார்த்துச் செய்தவையும் அல்ல. ஆனால் ஒன்றாவது வெறும் நேரத்துக்காக, வாரம் நிறைவதற்குள் செய்ததாக இருந்தால், அது அந்தத் தாய்க்கும் குழந்தைக்கும் தேவையில்லாத கத்தி. டாக்டரே மருத்துவக் காரணத்துக்காக 39 வாரத்துக்குப் பிறகு தேதி கொடுத்து, "இந்த நாலு நாளில் எது வேணுமோ சொல்லுங்க" என்றால், தாராளமாகப் பஞ்சாங்கம் பாருங்கள். அதில் ஒரு நஷ்டமும் இல்லை, மனசுக்கும் நிம்மதி.

கிரகணமும் அப்படித்தான். 2019 டிசம்பர் 26 அன்று சூரிய கிரகணம் வந்தது. கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் வானத்தில் நெருப்பு வளையம் தெரிந்தது. எங்களுக்குச் சூரியன் பிறையாகக் குறைந்தது. எங்கள் தெருவில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியை இருட்டறையில் உட்கார வைத்து, மூன்று மணி நேரம் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. குழந்தைக்கு உதடு பிளந்துவிடுமாம். உதடு கூடுவது கர்ப்பத்தின் முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிற வேலை. எட்டாம் மாதக் கிரகணம் அதை என்ன செய்யும்? சூரியனை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது என்பது மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை. அது கர்ப்பிணிக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும். வீட்டுக்குள் இருக்கட்டும், ஆனால் தண்ணீரும் கஞ்சியும் கொடுங்கள்.

சகுனம் பலிக்கிற மாதிரி நமக்குத் தோன்றுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பலித்தது நினைவில் நிற்கும். பலிக்காதது மறந்து போகும். சந்தேகமாக இருந்தால் அடுப்படியில் ஒரு நோட்டு வைத்துப் பாருங்கள். நானும் என் பெண்ணும் ஒரு மாதம் எழுதினோம். காகம் கொல்லையில் கரைந்தது 26 நாள். விருந்தாளி வந்தது 3 நாள். அதில் ஒருவர் காகம் கரையாத நாளில் வந்தவர்! ஆனாலும் காகத்துக்குச் சோறு வைப்பதை நிறுத்தவில்லை. அது நம் வீட்டுப் பறவை, சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

நம் கண்ணும் காதும் அடையாளம் தேடியே பழகியவை. அதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். எந்த அடையாளத்தைப் பார்ப்பது என்பதை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்வோம். இளம் தாய்மார்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டிய நிஜமான சகுனங்கள் சில சொல்கிறேன்.

கர்ப்பிணிக்கு: விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குவது, ரத்தப் போக்கு, பனிக்குட நீர் கசிவது, வயிற்றில் குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது. இதில் ஒன்று வந்தாலும் நாள் பார்க்காமல், நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கைக்குழந்தைக்கு: பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, உச்சிக்குழி உள்ளே வாங்குவது, மூத்திரம் போவது குறைவது, வலிப்பு. இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அதுவே பெரிய அடையாளம்.

மூச்சை எண்ணத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, சட்டையை விலக்கி, கடிகாரம் பார்த்து ஒரு நிமிஷம் முழுக்க எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60-ம் அதற்கு மேலும், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50-ம் அதற்கு மேலும், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40-ம் அதற்கு மேலும் போனால் அது வேகமான மூச்சு. விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் இன்னும் அவசரம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். ராத்திரியானால் 108-க்கு போன் போடுங்கள். அந்த வண்டிக்கு சூலம் கிடையாது!

கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்த்தோமே, பெரும்பாலோர் அன்று பார்த்தது பட்டப்பகல் வானத்தை. சித்திரை, வைகாசியில் ஒரு ராத்திரி வடக்கே திரும்பி சப்தரிஷி மண்டலத்தைப் பாருங்கள். அதன் வாலில் கடைசிக்கு முந்தையது வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாக ஒரு சின்னப் புள்ளி, அதுதான் அருந்ததி. இன்று நம் கண்ணில் படும் அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி சுமார் 80 வருஷம் ஆகிறதாம். என் மாமியார் பிறந்த காலத்தில் புறப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் பெண்ணையும் மாடிக்கு அழைத்துக்கொண்டு போங்கள். அவள் மூல நட்சத்திரமாக இருந்தால், தெற்கே அந்தத் தேள் எழும்பி வரும்வரை கொஞ்சம் காத்திருந்து, "இதோ, இதுதான் உன் நட்சத்திரம், எவ்வளவு அழகாக இருக்கிறது பார்!" என்று காட்டுங்கள். பயமுறுத்தி வளர்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.